பனியில் பச்சையாகத் தெரிந்த கூரை

ஆற்றுக்கு இக்கரையில் சாலையோரமாகக் காரை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த மலையைப் பார்த்தாள் இஷ்பெல் கெட்டிஸ். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மலை முழுக்க ஒரே வெள்ளை. அதன் இடுப்பில் மட்டும், பாயை உதறி விரித்த மாதிரி ஒரு பச்சைச் சதுரம். அந்தப் பச்சையின் மேல் ஒரு மந்தைச் செம்மறிகள் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அந்தப் பச்சைக்கு அடியில்தான், வருஷக்கணக்காக வரைந்தும் அழித்தும் அவள் கட்டிய விஸ்கி ஆலை இருந்தது. ஊர்க்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்தப் பருவத்திலும் சாலையிலிருந்து பார்த்தால் மலைதான் தெரிய வேண்டும், கட்டடம் தெரியக் கூடாது. அதற்காகப் பாதிக் கட்டடத்தை மண்ணுக்குள் இறக்கி, கூரைமேல் மண் கொட்டி, அந்த மலையிலேயே வெட்டியெடுத்த புல்கட்டிகளைப் பதித்திருந்தாள். கோடையில் வந்தவர்கள், ஆலை எங்கே என்று அவளிடமே கேட்டார்கள். குளிர்காலம் வந்து, உள்ளே செப்புக் கொப்பரைகள் கொதிக்கத் தொடங்கியதும் மானம் போயிற்று.

விஸ்கி காய்ச்சுகிற கட்டடத்தின் கூரையில், கீழிருந்து ஏறும் சூட்டில் பனி தங்காது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இஷ்பெலுக்குத் தெரியாதா? அவள் அப்பா அப்படி ஒரு ஆலையில்தான் வேலை பார்த்தார். ஆனால் மலை, புல், மலை, புல் என்றே நினைத்து நினைத்து, தன்னுடையதும் ஓர் ஆலைக் கூரைதான் என்பதை மறந்துவிட்டாள்.

கட்டட அனுமதி அதிகாரி டோர்க்கில் மன்றோ தன் காரிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன இஷ்பெல், கட்டடமே தெரியாதுன்னே. இனிமே லாரிக்காரன் யாரும் வழி கேக்க வேண்டாம் போலிருக்கே."

"பனி ரெண்டு நாள்ல கரைஞ்சிடும் சார்."

"எந்தப் பருவத்திலும்னு போட்டிருக்கு. இதுவும் பருவந்தானே? இப்படி இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த பனி விழுந்ததும் வரேன். அப்பவும் இதே கதைன்னா, ஆலை முதலாளி மொதல்லேருந்து கேட்ட தகரக் கூரையையே போட்டுக்கச் சொல்லு. முன்னால மரம் நட்டு மறைச்சுக்கட்டும்."

தகரம்! இஷ்பெலுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாலத்தைத் தாண்டி மலையேறிப் போய் கையை வீசி ஆடுகளை விரட்டினாள். ஒன்றும் எழுந்திருக்கவில்லை. ஆடுகளின் சொந்தக்காரி வில்மா க்ரூக்ஷாங்க், தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"தொண்டைய கிழிச்சுக்காதே பொண்ணே. இதுங்க அம்மா மேஞ்சது இங்கதான், அம்மாவோட அம்மா மேஞ்சதும் இங்கதான். வேலியே இல்லாட்டியும் வேற மலைக்குப் போகாதுங்க. போதாக்குறைக்கு நீ கீழ அடுப்பு வேற மூட்டி வெச்சிருக்கே. யார் எழுந்திருப்பா?"

"என் கூரையத் திங்குதுங்க, வில்மா!"

"புல்லுன்னா ஆடு திங்கும். கல்லுல கூரை போட்டிருந்தா நக்கிட்டுப் போயிருக்கும்."

இஷ்பெல் பனியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். மேலே, ஊற்று கசிகிற இடத்தில் இன்னொரு பச்சைத் திட்டு கண்ணில் பட்டது. அங்கேயும் பனியில்லை, அங்கேயும் நாலு ஆடு. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஏன் என்று முறைத்துப் பார்த்தாள். அதன் ஓரம் நைந்த துணி மாதிரி பிய்ந்து பிய்ந்து இருந்தது. அவளுடைய பச்சைக்கோ கத்தியால் வெட்டிய ஓரம். மலையைக் கட்டுகிறேன் என்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டது அவள்தான்.

மறுவாரமே கூரையின் ஓரங்களைப் பிரித்தாள். பனி ஒரே கோடாகக் கரையாமல் பிய்ந்து பிய்ந்து கரையும்படி, சூட்டைத் தடுக்கும் பலகையை ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்து, மண்ணையும் மேடு பள்ளமாகப் போட்டு, புதுப் புல் பதித்தாள். வேர் பிடிக்கும்வரை ஒரு குளம்பும் படக் கூடாது என்று சுற்றிலும் வலை கட்டினாள். முதலாளி தினமும் போனில் தகரத்தின் அருமை பெருமைகளைச் சொன்னார்.

பிறகு பனிக்குக் காத்திருந்தாள். வெயில்தான் அடித்தது. ஊரே கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தபோது, இஷ்பெல் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஏப்ரல் கடைசியில், ஆடுகள் குட்டி போடும் நேரம் பார்த்து, பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. விடிந்ததும் மன்றோவுக்குச் சொல்லிவிட்டு மலைக்கு ஓடினாள். வலைக்கு வெளியே தாய் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. வில்மாவின் கோட்டுக்குள்ளிருந்து ஈரம் காயாத இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன.

"வலையத் திற பொண்ணே."

"இன்னிக்குத்தான் அவர் வராரு! வேரே புடிக்கலை, வில்மா. ஏறினா எல்லாம் சேறாயிடும்."

"ராத்திரியே வேற ரெண்டு குட்டி வெறச்சுச் செத்துப் போச்சு. மிச்சமும் போகணுமா?"

இஷ்பெல் வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கத்தியால் வலையை அறுத்தாள். ஆடுகள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறின. குட்டிகள் வெதுவெதுப்பான புல்லில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டன. அவள் பார்த்துப் பார்த்துப் பதித்த ஓரமெல்லாம் மன்றோ வருவதற்குள் கூழாகிவிட்டது.

சாலையிலிருந்து பார்த்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார் மன்றோ.

"இதுல ஆலை எதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷமாச்சு இஷ்பெல். வழியெல்லாம் ஊத்துக்கண்ணுப் பக்கம் ஆடு இப்படித்தான் மிதிச்சு வெச்சிருக்கு."

"ரெண்டு நிமிஷம்னா, தெரியுதுங்கறீங்களா, தெரியலைங்கறீங்களா?"

"எவன் கார நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் பாக்கப் போறான்?" என்று முனகிக்கொண்டே, விறைத்த விரல்களை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தகரம் ஒழிந்தது. ஆனால் இஷ்பெலுக்குச் சிரிப்பு வரவில்லை. பிய்ந்து கிடந்த புல்கட்டி ஒன்றைக் காலால் புரட்டினாள்.

"எல்லாத்தையும் மறுபடி பதிக்கணும். பனி விட்டதும் ஒண்ணுகூட இங்க நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லி என்ன?" என்று ஆடுகளைக் காட்டினாள் வில்மா. "அதுங்ககிட்ட சொல்லு."