மாமன் சீராக வந்த டர்போ

என் மகளுக்குக் காது குத்திய அன்று என் அண்ணன் கொண்டுவந்த சீரைப் பற்றி சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சிரித்துப் பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவருக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக் கழித்துப் போட்ட டீசல் லாரி. தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கிய காலம் அது. புக்கிட் தீமா கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டுபோய் அங்கே கொட்டுவார். குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே வரும் பாதை சரியான செங்குத்து. முழுப் பாரத்தோடு வந்தால் எங்கள் லாரி பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிடும். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். கடைசியில் ஜல்லி வேலை கொடுத்த குத்தகைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார், தீபாவளிக்குள் முழுப் பாரத்தோடு ஏறவில்லையென்றால் எங்கள் இடம் வேறு லாரிக்கு என்று. அந்த வேலை போனால் லாரியை வைத்துப் பூசையா செய்வது? இவர் மறுபடியும் அடுத்தவன் வண்டிக்குச் சம்பள டிரைவராகப் போக வேண்டும். அதை நினைத்தே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாலான் புசாரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சீனர் ஒரு வழி சொன்னார். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பைப் வளைத்துப் புகைக்குழாயில் சேர்த்துவிட்டால் புகை தடையில்லாமல் வெளியேறும், இஞ்சினுக்குக் கொஞ்சம் பலம் கூடும். கொஞ்சம்தான் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். ஏற்றத்துக்கு அந்தக் கொஞ்சம் போதும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

என் அண்ணன் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். பைப் என்றதும் அவருக்குச் சிரிப்பு. உடைக்க வந்த ஒரு கப்பலின் ஜெனரேட்டரில் இருந்து கழற்றிய டர்போ ஒன்று அவர் கைவசம் இருந்தது. புகை வெளியே போகிற வேகத்தில் சுழன்று, காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கிற சாமான் அது. கிழட்டு இஞ்சின் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்று இவர் சொல்ல, தாங்கும் என்று அவர் சொல்ல, எங்கள் வீட்டில் வாரக்கணக்கில் இதே பஞ்சாயத்து. சாப்பாட்டை வைத்துக்கொண்டு இரும்பைப் பற்றிப் பேசாதீர்கள் என்று இரண்டு பேரையும் நான் திட்டாத நாளில்லை.

காது குத்து வந்தது. தாய்மாமன் சீர் தட்டு தட்டாகக் கோவிலுக்குள் வந்தது. பட்டுப் பாவாடை, தேங்காய், பழம், தங்கத் தோடு. கடைசித் தட்டை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அதில் பெரிய நத்தை ஓடு மாதிரி அந்த டர்போ, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து!

"மருமகளுக்குத் தோடு. மாப்பிள்ளைக்கு இது" என்றார் அண்ணன். சபையே சிரித்தது.

மாமன் சீரைச் சபையில் வைத்து வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அன்றோடு என் பிறந்த வீட்டு உறவு அறுந்தது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பைப் பேச்சு அதோடு முடிந்தது.

பொய் சொல்லக்கூடாது, லாரி ஏறியது. ஜம்மென்று ஏறியது. குத்தகைக்காரர் வாயை மூடிக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு இவர் சிரித்த முகமாக இருந்தார். மாட்டிக் கொடுத்த அன்று அண்ணன் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "ஏறி முடிச்ச உடனே இஞ்சினை நிறுத்தாதீங்க மாப்பிள்ளை. டர்போ பழுக்கக் காஞ்சு சுத்திக்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்க. நிறுத்தினா அதுக்கு எண்ணெய் போகாது, வெந்துடும்."

ஏற்றத்தின் உச்சியில் என்ன இருந்தது தெரியுமா? எடை போடும் மேடை. லாரி அதிர்ந்தால் முள் ஆடும் என்று, மேடையில் ஏறியதும் இஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். மேடைக்கு முன்னால் நின்று ஆற விடலாம் என்றால் பின்னால் லாரி வரிசை ஏற்றத்திலேயே தொங்கும். இவர் ஒருநாள் நின்று பார்த்து எல்லாரிடமும் ஏச்சு வாங்கினார். அதற்குப் பிறகு மற்றவர்களைப் போலவே மேடையில் ஏறி நிறுத்தினார். ஒவ்வொரு நடைக்கும் நிறுத்தினார்.

அடுத்து நடந்ததை இவரோடு ஓட்டிய டிரைவர் ஒருவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோ பாயோவில் ஜல்லியைக் கொட்டிவிட்டு இஞ்சினை நிறுத்தியிருக்கிறார். நிற்கவில்லை. டீசலை அடைத்தும் நிற்கவில்லை. டர்போவுக்குள் எண்ணெயைத் தடுக்கும் வளையம் வெந்து தேய்ந்து, இஞ்சின் தன் எண்ணெயையே உறிஞ்சிக் குடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. வேகம் ஏறிக்கொண்டே போய், வெள்ளைப் புகையில் லாரியே தெரியவில்லையாம். எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவர் மட்டும் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார்.

"விட்டுட்டு வா லா, வெடிக்கப் போவுது" என்று அந்த டிரைவர் கத்தியிருக்கிறார்.

"இது போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி, இஞ்சினின் மூச்சை அடைக்க, காற்று உள்ளே போகும் வாயில் வைத்து அழுத்தியிருக்கிறார். சட்டை உள்ளே போகும்போதே இஞ்சின் சிதறிவிட்டது. இரும்புத் துண்டு நெஞ்சில்.

பாவி மனுஷா, இது போனால் என்ன இருக்கிறது என்றா கேட்டாய்? நான் இருந்தேன். காதில் புண் ஆறாத பிள்ளை இருந்தது.

எங்கள் வழக்கத்தில் ஒருத்தியின் புருஷன் செத்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அதை உடன்பிறந்தவன் அவள் மேல் போட்ட பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கை நீளவில்லை. நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"அவரு பைப்பே போதும்னுதான் சொன்னாரு அண்ணே" என்றேன்.

"ஏத்தத்துல மாப்பிள்ளை தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான் குடுத்தேன் தங்கச்சி" என்று சொல்லி அவர் வாய்விட்டு அழுதார்.

அதுவும் உண்மைதான். அதனாலெல்லாம் என் கோபம் அடங்கவில்லை. அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வெளியே என் கணவரைக் கிடத்தியிருந்த இடத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புடவையைப் போடட்டும் என்று நான் அண்ணன் பக்கமாகத் தலை குனிந்தேன்.