சோதனைச் சாவடியில் அப்பாவின் வியர்வை

போர்க்காலத்தில், நான் பல்கலைக்கழகத்தில் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்பு நகர வைத்தியசாலையிலிருந்து எங்கள் ஊரான பனிச்சங்கேணிக்குத் திரும்பும் வழியில் இது நடந்தது.

களப்பில் வலை வீசி மீன்பிடித்துப் பிழைத்த என் அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய். அது எலும்புவரை பரவியிருந்தது. ஆண் ஹோர்மோனை அடக்கும் ஊசியை மாதந்தோறும் போட்டதில் இடுப்பு வலி தணிந்து, இரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணும் நன்றாக இறங்கியிருந்தது. வழக்கமாகத் தனியே போய்வருபவரிடம், இம்முறை வீட்டாரையும் அழைத்து வருமாறு வைத்தியர் சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் சென்றோம்.

“ஊசியைக் கொஞ்சக்காலம் நிறுத்திப் பார்க்கலாம். உடம்பு தேறும். ஆனா எலும்புக்குப் போன வருத்தம். திரும்ப எழும்பாது எண்டு நான் சொல்லமாட்டன். தொடர்ந்து போட்டாலும் பிழையில்லை. நிறுத்தினாலும் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாம வரவேணும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் வைத்தியர்.

“நிப்பாட்டுவம்” என்றார் அப்பா, யோசிக்காமலே.

“சும்மா இருங்க. நல்லா வேலை செய்யிற மருந்தை ஆரும் நிப்பாட்டுவாங்களா?” என்று அம்மா தடுத்தாள்.

நானும் அம்மாவின் பக்கமே. பயணம் அவருக்கு அலுத்துவிட்டது என்று எண்ணினேன். நிறுத்தினாலும் பரிசோதனைக்காக அதே வீதியால்தானே வரவேண்டும் என்று பேருந்தில் அவரிடம் கூறினேன்.

சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கினோம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு வேறொன்று. பெண்கள் வரிசையில் எனக்கும் அம்மாவுக்கும் சோதனை விரைவில் முடிந்துவிட, அப்பாவின் வரிசையைப் பார்த்து நின்றோம். மழை விட்ட குளிர்ந்த நேரம் அது. திடீரென்று அப்பாவின் முகம் சிவந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சட்டையை நனைத்தது. அந்த வரிசையில் வியர்ப்பவன் எதையோ மறைப்பவன். இளம் சிப்பாய் ஒருவன் அவரைத் தனியே நிறுத்திச் சிங்களத்தில் அதட்டினான். அதட்ட அதட்ட அப்பாவுக்கு வியர்வை கூடியது.

நான் கையைப் பிடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். பிறர் முன்னிலையில் அப்பாவின் அருகில்கூட உட்காராதவள், சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்து விசிறினாள்.

“இது எனக்கு வந்த சூடுதானே! மாதவிலக்கு நிண்ட நேரம் நான் விசிறியும் கையுமா இருக்க, ‘உனக்குள்ள ஆர் அடுப்பு மூட்டினது’ எண்டு சிரிச்சீங்களே!”

“மெல்லக் கதை. துவக்கோட நிக்கிறான்” என்றார் அப்பா.

வயது கூடிய இன்னொரு சிப்பாய் வந்தார். அம்மா தனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல்லை, “பெஹெத், பெஹெத்” என்று, ஊசி போட்ட அப்பாவின் வயிற்றைக் காட்டிச் சொன்னாள். மருந்து என்பது அதன் பொருள். அவர் அப்பாவின் உடலைத் தடவிச் சோதித்துவிட்டு, நிழலில் போய் இருக்கும்படி கைகாட்டினார்.

பேருந்து புறப்பட்ட பிறகே அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“ஒவ்வொரு பயணமும் இப்பிடித்தான். ஒருநாள் கொண்டுபோயிருவாங்க எண்டு பயம். பயந்தா இன்னும் வேர்க்கும்.”

“ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“பொம்புளையளுக்கு வாறது எனக்கு வருது எண்டு எப்பிடி, மகள், சொல்ற?”

அவரைக் காப்பாற்றிய ஊசி கிளப்பிய சூடே அவரைச் சந்தேகத்துக்குரியவராக்கியிருந்தது. ஊரை நெருங்கியபோது அம்மா, “நிப்பாட்டுவம். ஆனா ரத்தம் குடுக்கப் போகக்குள்ள நானும் வருவன்” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊசியை நிறுத்தினோம். வியர்வை உடனே அடங்கவில்லை. சில மாதங்களில் மெல்லக் குறைந்தது. கைகளில் வலு திரும்பி, அப்பா மீண்டும் வலை வீசினார். பிறகு ஒரு பரிசோதனையில் அந்த எண் ஏறியது. ஊசி மறுபடியும் தொடங்கியது. சாவடிகளும் அப்படியே இருந்தன. ஆனால் அப்பா அதன்பின் தனியே போனதில்லை.

அன்று எடுத்தது சரியான முடிவுதானா என்று இன்றும் என்னால் உறுதியாகக் கூற முடியாது. எனினும் நோயுற்ற ஒருவர் ‘போதும்’ என்று சொல்லும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேளாமல் மறுமொழி கூற எனக்கு நா எழுவதில்லை.