வினி ஸ்மித் கட்டிய தாய் வேஷம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த வினியின் புருஷன், தான் இனி அலாய்சியஸ் ஸ்மித் இல்லை, அதே பெயரின் ஐரிஷ் வடிவமான லூயீ மக் கவன் என்று அறிவித்தான். டப்ளின் தபால் அலுவலகத்தில் நாள் முழுக்க இங்கிலாந்து ராஜாவின் தலைமேல் முத்திரை குத்திவிட்டு, சாயங்காலம் ஐரிஷ் மொழிச் சங்கத்தில் உட்கார்ந்து அதே ராஜாவைத் திட்டுகிறவன் அவன்.

"அப்போ நான் யாரு?" என்றாள் வினி, உருளைக்கிழங்கு உரித்தபடி.

"திருமதி மக் கவன். இனிமே இந்த வீட்டுல ஐரிஷ்தான் பேசணும்."

"பேசிட்டாப் போச்சு. குழாய் ஒழுகுது, ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு அதுல எப்படிச் சொல்றது?"

அவன் கற்ற ஐரிஷில் ஆடு இருந்தது, மழை இருந்தது, மாவீரர்களின் சாவு இருந்தது; குழாய் மட்டும் இல்லை. சாப்பாட்டு மேசையில் "ரொட்டி நல்லா இருக்கு" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

பிறகு அவன் நாடகம் எழுதினான். மேற்குக் கடற்கரைக் குடிசையில் ஒரு கிழவி, ஒரே மகனை நாட்டுக்காகச் சாக அனுப்புகிறாள். சங்கத்திலேயே பாதிப் பேருக்கு ஐரிஷ் புரியாது என்பதால் நாடகம் ஆங்கிலத்தில். பெருமூச்சு விடும் இடங்கள் மட்டும் ஐரிஷில். அந்தக் கிழவிக்குப் பசியே எடுக்காது, முதுகும் வலிக்காது. மேற்குக் கரைக்கு லூயீ போனதே ஒரு தடவைதான். அப்போதும் விடுதி அறையை விட்டு இறங்காமல் திரும்பியிருந்தான்.

அரங்கேற்றத்தன்று தாயாக நடிக்கிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒத்திகையெல்லாம் வினியின் வீட்டில் நடந்ததால் அவளுக்கு வசனம் மனப்பாடம். காலணியைக் கழற்றச் சொல்லி, சால்வையைப் போர்த்தி, அவளை மேடைக்குத் தள்ளினார்கள்.

மகன் வேஷத்தில் ஃபெலிம் என்ற மளிகைக்கடைக்காரர். தொப்பையும் நரைத்த மீசையும் போதாதென்று ஜலதோஷம் வேறு. "அம்மா, நாடு கூப்பிடுது!" என்று முழங்கித் தும்மினார். 'போ மகனே, உன் ரத்தம் இந்த மண்ணுக்கு' என்று வினி சொல்ல வேண்டிய இடம். இதை எழுதியவன் பல் வலிக்கே படுத்த படுக்கையாகிக் கஞ்சி கேட்டவன் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. வாய் அடங்கவில்லை.

"எங்கயும் போக வேணாம், உக்காரு. சூப்பு ஆறுது. நாட்டுக்கு அவ்வளவு அவசரம்னா இதை எழுதினவரு போகட்டும். அதோ, திரைக்குப் பின்னாடிதான் நிக்கிறாரு."

பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. முன்வரிசைப் பாதிரியார் எழுந்து வெளியேறினார். ஃபெலிம் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்.

"என் மானத்தை வாங்கிட்டியேடி, துரோகி!" என்று வீட்டில் கத்தினான் லூயீ, சுத்தமான ஆங்கிலத்தில்.

"ஐரிஷ்ல திட்டுங்க, கேப்போம்."

அன்றோடு அந்த வீட்டு மொழிச்சட்டம் செத்தது.

ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது தெருவில் குண்டு பறந்த வாரம் முழுக்க லூயீ நிலவறையில் கிடந்தான். சுதந்திரம் வந்ததும் முதல் ஆளாகப் படியேறி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐரிஷைக் கட்டாயமாக்கும் குழுவில் நாற்காலி பிடித்தான். எழுச்சியைப் பற்றி அவன் பேசும் கூட்டங்களில் குண்டுச் சத்தம் வருஷா வருஷம் அவன் காதுக்கு நெருங்கி வந்தது.

வினியை, அரங்கேற்றத்தன்று பின்வரிசையில் இருந்த ஒரு நகைச்சுவை நாடகக் குழுக்காரர் தேடி வந்து அழைத்துப் போனார். வாயாடி மாமியார் வேஷங்களில் அவள் பேர் வாங்கினாள். சங்கத்துக் கனவான்கள் கோட்டுக் காலரால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு சிரித்துவிட்டு, கூடத்தில் விளக்கு போடுவதற்குள் நழுவிவிடுவார்கள்.