காயாத ஆறு

போன புதன்கிழமை குறிஞ்சிப்பாடியில் கிரகப்பிரவேசம். வீடு கட்டியது என் மனைவியின் தம்பி. எல்லோரும் குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் என்று தூக்கி வந்தார்கள். நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுபோனது ஒரு ஆயில் பெயின்டிங். வரைந்தது? நானேதான். நீங்களும் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்...

ரிட்டயர் ஆனதும் கடலூரில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித் தரும் மிஸ்ஸுக்கு என் மகள் வயது. முதல் நாளே ஒரு பிரின்டைக் கையில் கொடுத்து, "இதப் பாத்து அப்படியே காப்பி பண்ணுங்க சார்" என்றார். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் காப்பி அடித்தவர்களைப் பிடித்த வாத்தியார் நான். என்னிடமா?

பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் ஒரு ஆறு. காலை வெயில், இரண்டு படகு, கரையில் உயரமான மரங்கள். கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல். நாலடி தள்ளி நின்றால் தண்ணீர் அசைகிறது!

எனக்குப் பழக்கமெல்லாம் கரும்பலகையை அழுத்தித் துடைப்பதுதான். அதே கையால் நீலத்தையும் மஞ்சளையும் போட்டுத் தேய்த்தேன். வானம் பச்சைச் சேறாகிவிட்டது. மூன்று முறை சுரண்டி எடுத்தோம். "தேய்க்காதீங்க சார். வெச்சிட்டுக் கைய எடுத்துருங்க" என்றார் மிஸ். நாலாவது முறை வைத்தேன், எடுத்தேன். நிழலுக்குக் கறுப்பைத் தொட்டபோது தடுத்து, ஊதாவைக் கொடுத்தார். நிழல் ஊதாவா? மனமில்லாமல்தான் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால், படத்துக்குள் வெயில் வந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள்... நன்றாக வந்ததைத் திரும்பத் திரும்பத் தேய்த்துத்தானே பாதிக் காரியங்களைக் கெடுக்கிறோம்? மன்னிப்புக் கேட்பது உட்பட.

சுரண்டியதில் நாள் ஓடி, படம் முடிந்ததே விழாவுக்கு மூன்று நாள் முன்புதான். "நல்லா காய ஒரு மாசமாவது ஆவும் சார், ஜாக்கிரத" என்று சொல்லித்தான் அனுப்பினார் மிஸ்.

படத்தில் எதுவும் படாதபடி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்ததை, புது வீட்டு ஹாலில் பிரித்து வைத்தேன். மைத்துனன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"நல்லாருக்கு மாமா. பாண்டிச்சேரியில எந்தக் கடை?"

"நான் வரைஞ்சது மச்சான்."

"சும்மா இருங்க மாமா. நம்ம கெடிலம் ஆத்துல இந்த மாதிரி படகு எங்க போவுது? ஃபாரின் படம். வெல ஜாஸ்தி இருக்குமே."

ஹாலில் இருந்த சொந்தம் மொத்தமும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாத உழைப்பு. புளுகன் என்ற பெயரோடு ஊர் திரும்பவா?

அப்போது அவன் மனைவி மஞ்சள், குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள் — ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச் வரை. "வேணாம்மா" என்று நான் எழுவதற்குள் நாலு மூலையிலும் வைத்தாகிவிட்டது. விரலைத் தூக்கிப் பார்த்தாள். நுனியில் நீலமும் ஊதாவும்.

"என்னாங்கண்ணா, கையில ஒட்டுது?"

"இன்னும் காயலம்மா. ஞாயித்துக்கெழமதான் முடிச்சேன்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கடையில வாங்குனதா இருந்தா காஞ்சில்ல இருக்கும்?"

மைத்துனன் தானும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். புது வேட்டியில் துடைத்தான். வேட்டியில் விழுந்த நீலத்தையும் பார்த்தான். அப்புறம் அவனே ஆணி அடித்து மாட்டினான். வந்தவர்களிடமெல்லாம், "தொடாதீங்க, எங்க மாமா வரைஞ்சது, இன்னும் காயல" என்று சொல்லிக் காவல் நின்றான். பந்தியில் எனக்கு மட்டும் இரண்டாவது முறை பாயசம் வந்தது.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். கீழே வலது மூலையில் வைத்த பொட்டு என் கையெழுத்தை முழுதாக மறைத்திருந்தது.

இருக்கட்டுமே... வரைந்தது யார் என்று இனி எழுதி வேறு காட்ட வேண்டுமா என்ன?