பாதுஷா வந்த சம்படம்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒன்றரை வருஷம் ஒரு சம்படம் இருந்தது. மூடி போட்ட, கனமான எவர்சில்வர் சம்படம். எங்களுடையது இல்லை, பின்தெருவில் குடியிருந்த டீச்சருடையது. அதன் பக்கவாட்டில் அவருடைய அம்மாவின் பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது. அந்தப் பெயர் கண்ணில் படாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற வழியில் எங்கள் வீடு. மாமனார் வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் எண்பதுகளில் மனைகளாகி, ஆபீஸ் போகிறவர்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் கடலையை விட்டுவிட்டு அவர்களுக்கே செங்கலும் மணலும் விற்கத் தொடங்கினார். டீச்சர் குடும்பம் அங்கே ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். நான் பத்தாவதோடு நின்றவள். புது மனிதர்களிடம் வாயே திறக்க மாட்டேன். தெரு பம்பில் தண்ணீர் அடிக்கும்போது அவர் அதைக் கண்டுகொண்டார் போல. தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரியே கேள்விகள் கேட்பார். "சமையல் ஆச்சா? பசங்க ஸ்கூல் போயாச்சா?" நானும் ஆட்டுவேன். அப்படியே எங்களுக்குள் ஒரு சிநேகம் வந்துவிட்டது.

மாமனார் தவறிய வருஷம் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. துக்கம் நடந்த வீட்டில் பலகாரம் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து தருவார்கள். டீச்சர் அந்தச் சம்படம் நிறைய பாதுஷா கொண்டுவந்தார். "பசங்க அடுத்த வீட்டுப் பலகாரத்தைப் பாத்துட்டு நிக்கக் கூடாது, பாருங்க" என்று என் கையில் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போனார். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒன்றில் பாதிதான். அந்த மாதிரி இதழ் இதழாக விடுகிற பாதுஷாவை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் என் அம்மா ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்பிவிடுவார். ஆனால், துக்க வீடு தேடி வந்த பாதுஷாவுக்கு ஒரு பிடி சர்க்கரையா? எனக்கு மனசு வரவில்லை. வருஷ திதி முடியட்டும், அடுத்த தீபாவளிக்கு அதிரசம் சுட்டு நிறைய வைத்துத் தருவோம் என்று எடுத்து வைத்தேன். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

"இன்னாமே, டீச்சர் வூட்டு சம்படம் இன்னும் இங்கியே குந்திகினு கீது?" என்று வீட்டுக்காரர் அவ்வப்போது கேட்பார்.

"அதிரசம் சுட்டுத் தரலாம்னு இருக்கேன்."

"நீ அதிரசம் சுடறதுக்குள்ள சம்படத்துக்குக் கல்யாண வயசு வந்துரும்."

அடுத்த தீபாவளியும் வந்தது. அதிரசத்துக்கு மாவு இடித்து, பாகு வைத்தேன். பதம் தப்பிவிட்டது. எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்து கரைந்து போயிற்று. வீட்டுக்காரர் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, அதிரசப் பாயசமா?" என்றார். அன்றைக்கு முறுக்கு நன்றாக வந்திருந்தது. அதையே போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு வெறும் முறுக்கா? பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்துவிட்டது.

நாள் போகப் போக அந்தச் சம்படத்துக்குள் போட வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதல் மாதம் முறுக்கு போதும். ஒரு வருஷம் ஆனதும் அதிரசம் வேண்டும். அதற்கும் மேலே போனபோது, அதிரசத்தோடு ரவிக்கைத் துணியும் பூவும் வைத்தால்கூடக் காணாது என்று தோன்றியது. டீச்சரைப் பார்க்கவே கூசியது. அவர் தண்ணீருக்கு வரும் நேரம் தெரிந்து, அதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டு வந்துவிடுவேன். ரேஷன் கடை வரிசையில் அவர் நின்றால் நான் மறுநாள் போவேன். நான் சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அவரிடம் அகப்படாமல் இருக்க நான் சுற்றிய தெருக்களை நினைத்தால், சோம்பேறியால் அவ்வளவு நடக்க முடியாது.

முழுப் பரீட்சை லீவில் ஒரு காலை, பூக்கார அம்மா வாசலில் பூவை முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா குன்றத்தூர்ல சொந்த வூடு கட்டிட்டாங்களாமே. காலி பண்றாங்க. லாரி வந்து நின்னுகினு கீது, நீ போய்ப் பாக்கல?"

சமையலறைக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்தேன். அரிசி மாவு இல்லை. ரவை கொஞ்சம் இருந்தது. கேசரி கிளறலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் அடுப்பை அணைத்தார்.

"லாரிக்காரன் உன் கேசரிக்காகக் காத்துகினு இருப்பானா? அந்தச் சக்கரையப் போட்டு எட்த்துகினு ஓடுமே!"

கையில் வந்த மட்டும் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். தலைகூட வாராமல் ஓடினேன்.

சாமான் எல்லாம் லாரியில் ஏறியிருந்தது. வெறும் கூடத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு கோணியை அவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் சம்படத்தை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்தார்.

"ஐயோ, சர்க்கரை!" என்று சிரித்துவிட்டார். "எந்த மூட்டைல கட்டினேன்னே தெரியலைங்க. லாரிக்காரர் காபி கேட்டு எவ்ளோ நேரமாச்சு!"

அதிலிருந்தே அள்ளிக் காபி கலந்தார். சுருட்டி வைத்த மெத்தைமேல் என்னை உட்காரவைத்து ஒரு டம்ளரைத் தந்தார். பிறகு சம்படத்தைத் துடைத்து, அம்மாவின் பெயர்மேல் விரலை ஓட்டினார்.

"உங்ககிட்டதான் இருக்கும்னு தெரியும். கேக்கறதுக்குக் கூச்சமா இருந்தது. என்னைக் கண்டா நீங்க அந்தப் பக்கம் போறீங்களா... பாதுஷா நல்லா இல்லையோன்னு நெனச்சுட்டேன். அப்புறம் நான் பாதுஷாவே பண்ணலை."

இது நான் நினைத்தே பார்க்காதது. எனக்குத் தெரிந்து, அவரிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அப்போது பேசியதுதான்.

"இல்லீங்க டீச்சர். அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதுக்கு ஈடா எனக்கு ஒண்ணும் செய்ய வரலை. அதிரசம் சுட்டேன், கரைஞ்சு போச்சு. நாளாக நாளாக எப்படி வர்றதுன்னு தெரியலை."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கணக்கு டீச்சர் நானா, நீங்களா? பாதுஷாவுக்கு வட்டி போட்டுட்டு இருந்திருக்கீங்களே!"

லாரி கிளம்பும் வரை கூடவே இருந்தேன். சம்படத்தை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற பாத்திரம் மறுநாளே திரும்பிவிடும். உள்ளே என்ன இருக்கிறதோ அது. 'சக்கரை போடு' என்பது எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஊரில் இருக்கும் அக்காவுக்குப் பெரிதாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நான் தள்ளிக்கொண்டே போனால், வீட்டுக்காரர் ஒரு கார்டை எடுத்து முன்னால் போட்டு, "சக்கரை போடுமே" என்பார். நாலு வரி எழுதிப் போட்டுவிடுவேன். சொத்தைப் பல்லைக் காட்ட அவர் பயந்து நாள் கடத்தியபோது அதையே நானும் அவருக்குச் சொன்னேன். முறைத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

அடுத்த தீபாவளிக்கு அதிரசம் ஒருவழியாக வந்தது. ஓரமெல்லாம் உடைந்திருந்தது. என் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு குன்றத்தூர் பஸ் ஏறினேன். டீச்சர் உடைந்ததையே முதலில் எடுத்துத் தின்றார்.

அந்தத் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த முறை குன்றத்தூர் மலைக் கோயிலுக்குப் போய்விட்டு டீச்சர் வீட்டுக்கும் போனபோது அவரே பேச்செடுத்தார். "வெறும் பாத்திரமா எப்படிங்க தர்றது? லீவு வரட்டும், பாதுஷா பண்ணித் தரேன்."

சர்க்கரை போட்டுக் கொடுங்க டீச்சர் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பாதுஷா என்றால் காத்திருக்கலாம்.