பயணம் சொல்லாத அபுபக்கர்

கடலூர் முதுநகரில் சபர் போய் வந்த ஆளுக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால், நாமும் ஒரு தடவை பினாங்கு போய்விட்டு வரலாமா என்று எவனுக்கும் ஆசை வரும். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதைத்தான் அந்தத் தெருவில் சபர் என்பார்கள். போனவன் மூன்று வருஷம் கழித்து மூன்று மாதத்துக்கு வருவான். அந்த மூன்று மாதமும் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் கேட்ட மீன்தான் சட்டியில் கொதிக்கும். அவன் கண்ணயர்ந்தால் பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போய்த்தான் விளையாட வேண்டும்.

1966 தை மாதம் அபுபக்கர் வந்து இறங்கியபோதும் இந்த உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டு, சண்டை ஓய்ந்து ஊர் வந்தபோது ஆசியா உம்மாளை அவருக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள். கல்யாணமாகி இருபது வருஷம். அதில் மனுஷர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் மூன்று வருஷம் தேறாது.

இந்தத் தடவை வந்தவர் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பினாங்குக் கடையின் மாடியில் ஒன்பது வருஷம் அவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்த முஹம்மது இஸ்மாயில் என்கிற பரங்கிப்பேட்டைக்காரர், போன வருஷம் இரண்டே நாள் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமே, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று குளிப்பாட்ட வந்தவர்கள் கேட்டார்கள். அபுபக்கருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஒரே விளக்கின் கீழே சாப்பிட்டும் தெரியவில்லை. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து, தன் மகள் ஆரிபா இப்போது தன் தோளுக்கு வருவாளா காதுக்கு வருவாளா என்று யோசித்துப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை.

இதை வந்த அன்றே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார். கப்பல் மேல்தட்டில் ஏழெட்டு நாள் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஒரே காட்சி. கிளம்ப வேண்டிய நாள் நெருங்கும், ஆசியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டியை எடுத்துத் துடைப்பாள், “நான் போகவில்லை” என்று இவர் சொல்வார், அவள் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஆரிபாவின் கல்யாணம் பக்ரீத் முடிந்த கையோடு நடந்தது. மாப்பிள்ளை காசிமும் பினாங்கில்தான் வேலை பார்த்தான், வேறொரு கடையில். அந்தத் தெருக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பான். அவனுக்கென்று வீட்டின் முன்பக்கத்தில் ஓர் அறை, அதில் ஒரு பெரிய கட்டில், ஆளுயரக் கண்ணாடி, தலையணைகள். இருபது வருஷமாக அது அபுபக்கரின் அறை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் விரித்தார்கள். அவருடைய சட்டைகளைக் கொண்டுபோய்க் கூடத்து அலமாரியில் வைத்தார்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த வழிநடையில் ஒரு கான்வாஸ் கட்டில் வந்தது. அவரும் சந்தோஷமாகத்தான் அதில் படுத்தார். மகள் கல்யாணம், இதற்கெல்லாம் முகம் சுளிக்க முடியுமா?

வீட்டின் உள்பக்கம் பெண்களின் ராஜ்யம். ஆசியாவின் தங்கை, புருஷனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தாள். இவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுவாள். பேச்சு சட்டென்று நிற்கும். ஏதாவது வேண்டுமா என்று ஆசியா எழுந்து வருவாள். ஒன்றும் வேண்டாம், சும்மாதான் வந்தேன் என்று சொல்லவும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். செம்பை வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். மூன்று மாதம் தாண்டியதும் மீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தட்டில் எது விழுந்ததோ அதைச் சாப்பிட்டார்.

இதற்கிடையில் வேலை தேடினார். துறைமுகத்தில் நிலக்கடலை ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் போய்க் கேட்டார். உங்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். கிராம்பை முகர்ந்து பார்த்தே எந்தத் தீவுச் சரக்கு என்று அவர் சொல்வார். மலாய் பேசுவார், சீனக் கிழவிகளோடு அவர்கள் பாஷையிலேயே பேரம் முடிப்பார். கடலூரில் சீனக் கிழவிகளோடு பேச வேண்டிய அவசியம் எவருக்கும் வரவில்லை. டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கற்ற வித்தையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்தில் மட்டும்தான் செல்லும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அங்கிருந்த குமாஸ்தா ஞானசேகரன் நல்ல மனுஷன். “பாய், செதம்பரத்துல சுப்பராயலுன்னு ஒருத்தர் லாட்ஜ் வச்சிருக்காரு. மேனேஜர் வேணுமின்னு கேட்டுக்கினு இருந்தாரு. போய்ப் பாருங்களேன்” என்றான். அபுபக்கருக்கு அது பிடிக்கவில்லை. சிதம்பரத்தில் போய் இருப்பதற்கா பினாங்கை விட்டுவிட்டு வந்தது? பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மலேசியாவுக்குத் திரும்பிப் போக ஒரு பெர்மிட் உண்டு. குறித்த தேதிக்குள் போய் இறங்காவிட்டால் அது செத்த மாதிரிதான். அபுபக்கருடையது ஜூன் முப்பதோடு முடிந்தது. காசிம் ஜூன் பதினாலாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதாக இருந்தான். மாமனாரும் மருமகனும் ஒரே கப்பலில் போவார்கள் என்று வீடே எண்ணிக்கொண்டிருந்தது.

“மாமா, பொட்டியெல்லாம் ஒண்ணா நாகப்பட்டணத்துக்கு அனுப்பிடலாமா?” என்று காசிம் கேட்டான்.

“உன்னுத அனுப்பு. எனக்குக் கொஞ்சம் வேல இருக்குது” என்றார்.

சபர் கிளம்புகிறவன் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கத்து வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, “போய்ட்டு வர்றேன், ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிக்குங்க” என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயணம் சொல்வது என்று பேர். பெரிய சண்டைக்காரர்கள்கூட அன்றைக்கு ஒரு வாய் காப்பி குடித்துச் சமாதானமாகிவிடுவார்கள். பயணம் சொல்ல வராதவன் மனசில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். காசிம் தெருவெல்லாம் பயணம் சொல்லி முடித்துவிட்டான். அபுபக்கர் ஒரு படியும் ஏறவில்லை. போகாத ஊருக்கு எதற்குப் பயணம் சொல்வது என்று சும்மா இருந்தார். தெரு சும்மா இருக்குமா?

பன்னிரண்டாம் தேதி அசர் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு சைதுன் பீவி வாசலிலேயே ஆசியாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனும் பினாங்கில்தான். அவனுக்குக் கொடுத்தனுப்ப வடகமும் நார்த்தங்காயும் துணியில் வைத்துத் தைத்துக் கையில் வைத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஆசியா, எங்க மேல அண்ணனுக்கு என்னா கோவம்? எல்லா வீட்டுலயும் கேட்டுட்டேன். ஒருத்தர் வீட்டுக்கும் வரலயாமே” என்றாள்.

ஆசியா அவரைப் பார்த்தாள். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இத காசிம் கொண்டுபோய்க் குடுப்பான்” என்றார்.

அவள் போனதும் ஆசியா கதவைச் சாத்தினாள். “ஏன், நீங்க கொண்டுபோவ மாட்டீங்களா?” என்றாள்.

இத்தனை மாதம் பொத்தி வைத்திருந்ததை இப்படி வழிநடையில், கையில் வடகப் பொட்டலத்தோடு சொல்ல வேண்டியதாகிவிட்டது. “நான் போவல ஆசியா. இனிமே சபரே வாணாம். பெர்மிட்டு இந்த மாசத்தோட முடியிது. முடியட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தது.

அவள் முகத்தில் ஒன்றும் மலரவில்லை. கான்வாஸ் கட்டிலைப் பார்த்தாள். முன்னறைக் கதவைப் பார்த்தாள். அங்கே காசிம் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்டது. அவன் கப்பல் ஏறினாலும் அந்த அறை இனி அவனுக்கும் ஆரிபாவுக்கும்தான், கட்டில் அவனுக்காகக் காத்துக் கிடக்கும். அப்புறம் உள்பக்கம் திரும்பி, தங்கையின் பிள்ளைகள் படுக்கிற கூடத்தைப் பார்த்தாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பார்வை கடைசியில் அவரிடம் வந்து நின்றது.

“அப்ப நீங்க எங்க இருப்பீங்க?” என்றாள்.

குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. நிஜமாகவே அவளுக்கு விடை தெரியவில்லை.

“ஒனக்கு சந்தோசமில்லையா?”

“சந்தோசந்தான்” என்றாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். “கோச்சிக்காதீங்க. இருவது வருசமா உங்கள வழியனுப்பித்தான் எனக்குப் பழக்கம். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் எதுனா யோசன பண்ணியிருப்பேன்.”

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். இதில் யார் மேல் குற்றம் சொல்வது? அவள் மேல் இல்லை. அவர் மேல்தான் எப்படிச் சொல்வது? வந்து போகிறவனுக்காகக் கட்டிய வீடு அது. இருக்கிறவனுக்கு அதில் இடமே விடவில்லை. இதை அவர் பதினாலு வருஷத்துக்கு முன்னாலோ, பத்து வருஷத்துக்கு முன்னாலோ கவனித்திருக்கலாம். அப்போதெல்லாம் அவர் கட்டிலில் சாய்ந்து மீன் என்ன மீன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காசிம் கப்பல் ஏறினான். ஜூன் முப்பது வந்தது, போனது. ஜூலை முதல் வாரம் அபுபக்கர் பாசஞ்சர் ரயில் பிடித்துச் சிதம்பரம் போனார்.

சுப்பராயலு மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் பன்னிரண்டு அறை வைத்து லாட்ஜ் நடத்தினார். கோயிலுக்கு வருகிறவர்கள், யுனிவர்சிட்டியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் எல்லாம் அங்கே தங்குவார்கள். அவர் அபுபக்கரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாய், படிப்பெல்லாம் நான் பாக்கறதில்ல. வெளியூர்லயே கெடந்து பழக்கப்பட்ட ஆளா இருக்கணும். போன மேனேஜரு வாரத்துல மூணு நாளு பொண்டாட்டி நெனப்பு வந்து ஓடிப் பூட்டான்.”

“எனக்கு அந்தப் பழக்கம் ஜாஸ்தி” என்றார் அபுபக்கர்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்தார்கள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். பினாங்கு மாடியிலாவது பக்கத்துப் பாயில் ஒருத்தர் குறட்டை விடுவார். இங்கே அதுவும் இல்லை. சாவியை எடுத்துக் கொடுப்பதும் வாங்கி மாட்டுவதுமாகப் பகல் போய்விடும். சாயங்காலம் ரயிலடிக்கு நடந்துபோய், கடலூர்ப் பக்கம் போகிற வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் முதுநகர். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை தனியாக இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. சில நாள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபடியே அழுதுவிடுவார். துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போவார். வெள்ளி ஜும்மா முடித்து, சனிக்கிழமை காலை வண்டிக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் கான்வாஸ் கட்டில்தான். மூன்றாவது வாரம் போனபோது ஆரிபா தன் துணிமணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டிருந்தாள். முன்னறையில் புது விரிப்பு. “ஒரு ரெண்டு நாளுதானே வாப்பா, நீங்க இதுலயே படுங்க” என்றாள். அடுப்படியில் கொடுவா மீன் கொதித்தது. ஆசியா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அவர் சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் தெருவில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், சிரித்தாள். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படியே.

ஐப்பசி வந்து அடைமழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்கு வரும் கூட்டம் குறைந்து, லாட்ஜில் அறைகள் காலியாகக் கிடந்தன. “பாய், புதன்கெழம வரைக்கும் வூட்டுலயே இருந்துட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்” என்று சுப்பராயலு அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த அபுபக்கர் இதை வியாழக்கிழமை சொல்லவில்லை. சரி, நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தார். வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மழை சற்று விட்டிருந்தது. ஆசியா ஒரு தூக்குச்சட்டியில் இடியாப்பமும் கறியும் வைத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அந்தக் கையை எடுக்காமலே கேட்டாள்.

“இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போனா என்னா?”

பக்ரீத்திலிருந்து ஆனிவரை வழிநடையில் கிடந்தாரே, அப்போது ஒரு நாளாவது இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வராதா என்று ஏங்கியிருக்கிறார். இப்போது கேட்கிறாள். மனசாரத்தான் கேட்கிறாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். திங்கள்கிழமையும் இருந்து, செவ்வாய்க்கிழமையும் இருந்தால், புதன்கிழமை காலை இவள் இப்படிக் கேட்க மாட்டாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“லீவு இல்ல ஆசியா” என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு மழைத்தண்ணீரில் இறங்கி ரயிலடிப் பக்கம் நடந்தார்.