வாசனை விழுங்கி

மார்ச் 4: மின்தராசு, 2,400.
மார்ச் 11: எலுமிச்சை, கிராம்பு, தேவதாரு எண்ணெய்கள், 1,865.
மார்ச் 30: ஆல்கஹால், காலிப் புட்டிகள், 940.
ஏப்ரல் 17: செயற்கைக் கஸ்தூரி, கால் லிட்டர், 1,310.
ஏப்ரல் 25, மே 6, மே 20: புகார்க் கடிதங்கள், பதிவுத் தபால், 135.
ஜூன் 12: வெள்ளைத் துணி, அறுபது மீட்டர், 7,800.
ஜூலை 1: அதே துணி, மறுபடியும் அறுபது மீட்டர், 7,800.

ஒரே துணியை மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை வாங்க வைத்தவரைத் தெருவில் தராசு என்று சொல்வார்கள். எடை அளவை இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாக ஏறிப் படிக்கற்களைச் சோதித்து, எடை குறைந்ததைக் கையும் களவுமாகப் பிடித்துப் பறிமுதல் செய்தவர். தம்மைத் தவிர உலகத்தில் ஒருவரும் சரியாக நிறுப்பதில்லை என்பது அந்த உத்தியோகத்தில் அவர் சேர்த்த சொத்து. இன்னொரு சொத்து பென்ஷன்.

ஓய்வு பெற்ற மறுமாதமே சென்ட் தயாரிக்கக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். இத்தனை தொழில் இருக்க ஏன் சென்ட் என்று கேட்டவர்களிடம், அது முழுக்க முழுக்க நிறுவை சம்பந்தப்பட்ட விஷயம் என்று விளக்கினார். மூக்குக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. ஆசிரியர் என்று எவரையும் தேடவில்லை. சொல்லிக்கொடுப்பவரும் அளவில் குறைத்துவிட்டால் என்ன செய்வது? ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டார். அதிலும் இரண்டு கூட்டல் பிழைகளைக் கண்டுபிடித்தார்.

வீடு இரண்டே அறை. முன்னறை முழுவதும் மனைவியின் தையல் மெஷினும் வெட்டும் மேஜையும். பின்னறை அலமாரியில் மேல் இரண்டு தட்டுகளிலிருந்து துணிமணிகள் இறங்கின, புட்டிகள் ஏறின. எலுமிச்சையில் இத்தனை, கிராம்பில் இத்தனை என்று கிராமில் நூற்றில் ஒரு பங்குவரை நிறுத்துக் கலப்பார். காகிதப் பட்டையை அதில் நனைத்து முகர்வார், மணி பார்த்து எழுதுவார், மறுபடி முகர்வார். முதல் கலவையை மனைவியிடம் நீட்டியபோது, பல் டாக்டர் ரூமில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது என்றாள். எட்டாவது கலவைக்குச் செருப்புக் கடை என்று தீர்ப்பு வந்தது. செருப்புக் கடைக்குள் அவள் போய் எத்தனை நாளாயிற்று என்று தராசு கேட்டார்.

ஏப்ரலில் கஸ்தூரி வந்தது. தொழிற்சாலையில் செய்வது, நிறமில்லாமல் பாகு போலக் கெட்டியாக இருக்கும். பறந்து போகிற வாசனைகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை என்று புத்தகம் சொன்னது. தராசு மூடியைத் திறந்து மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. புட்டிக்குள் மூக்கு நுனி படுமளவுக்கு இழுத்தார். தண்ணீருக்கு இருக்கிற வாசனைகூட இல்லை. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு சிக்கிய முதல் திருடன்.

சரக்கு அனுப்பிய கம்பெனிக்குச் சட்டப் பிரிவுகளோடு கடிதம் போனது. பொருள் சரியானதே, இந்த ஒரு வாசனை மட்டும் சிலர் மூக்குக்கு எட்டாது, வீட்டில் வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. தராசு கொதித்துப் போனார். தாம் நிறுத்ததை இன்னொருவரை விட்டு நிறுக்கச் சொன்னதாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது. இதில் வேடிக்கை, அந்த வேறு யாராவது ஏற்கெனவே வாய் திறந்திருந்தாள்.

"அந்தப் பாகுலதாங்க வாசனையே. பவுடர் டப்பாக்குள்ள தலைய விட்ட மாதிரி திம்முனு இருக்கு."

துணித்தூசு அடைத்த மூக்கு என்று அந்தச் சாட்சியத்தை அவர் தள்ளுபடி செய்தார். வீட்டில் வாசனை அதிகமாக இருப்பதாக அவள் குறைப்பட்டபோதெல்லாம் கலவையிலிருந்து ஒரு பொருளை நீக்கினார். கிராம்பு போனது, தேவதாரு போனது. அளவு குறையக் கூடாதே என்று அந்த இடத்தைப் பாகால் நிரப்பினார். வாசனையே இல்லாதது, எவ்வளவு ஊற்றினால்தான் என்ன? புகார் கூடிக்கொண்டே போனது. பெண்கள் ஒன்றை நினைத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று குறித்துவைத்தார்.

ஜூனில் மனைவிக்கு ஒரு வழி பிறந்தது. பக்கத்திலிருந்த கண் மருத்துவமனைக்கு ஊழியர் கோட்டு இருபத்துநான்கு தைத்துத் தர வேண்டும். பிடித்திருந்தால் கோட்டு, விரிப்பு, திரை என்று ஒரு வருட ஆர்டர். பதினொரு வருடமாக மற்றவர்களின் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தவள், இது மட்டும் கிடைத்தால் இனி ஒரு ஜிப்பைத் தொடுவதில்லை என்று மகளிடம் சொன்னாள். மருத்துவமனை ஸ்டோர்க்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: துணியில் எந்த வாசனையும் கூடாது.

அவள் தைத்ததை எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தாள். வீட்டு வாசனை ஏறிவிடும் என்று தூக்கமில்லாமல் புலம்பினாள். தராசுக்குப் பாவமாக இருந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, ஆராய்ச்சியாளர். வாசனையில்லாத பொருள் வாசனையை விழுங்கத்தானே வேண்டும் என்று யோசித்தார். தம் சட்டையில் எலுமிச்சை எண்ணெய் தடவி, மேலே பாகை ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்தார். மாலைக்குள் எலுமிச்சை போயே போய்விட்டது. தெளிக்காவிட்டாலும் எலுமிச்சை மாலைக்குள் போய்விடும் என்பது புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் கூட்டல் பிழை இல்லாததால் அவர் நின்று படிக்கவில்லை. புட்டியில் வாசனை விழுங்கி என்று எழுதி ஒட்டினார்.

ஒரு பகல் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இருபத்துநான்கு கோட்டையும் பிரித்து, உள்ளும் புறமும் தெளித்து, உலர்த்தி, ஸ்கேல் வைத்து மடித்து, பிரித்தது தெரியாமல் மறுபடி சுற்றினார். அவளுக்குச் சொல்லவில்லை. ஆர்டர் கிடைத்த பிறகு சொன்னால்தான் அதற்கு மரியாதை.

மறுநாள் வண்டியில் போகும்போது அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, மேல எதையாவது ஊத்திக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"நானா? ஒண்ணுமில்லையே."

ஸ்டோர்க்காரர் மூட்டையைப் பிரித்தார். முதல் கோட்டை உதறினார். உதறியவர் கையை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டே அதை மேஜையில் போட்டார்.

"என்னம்மா இது? கண்ணு ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கிறவன் தும்மவே கூடாது. இதப் போட்டுக்கிட்டு ஒரு நர்ஸ் வார்டுக்குள்ள நடந்தா, வரிசையா தும்முவான். டாக்டர் பண்ணின வேலை அத்தனையும் போச்சு."

இந்த இடத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் தராசு வேறு மனிதராக இருந்திருப்பார்.

"வாசனை இருக்க வாய்ப்பே இல்ல சார். வாசனைய எடுக்குற மருந்து நானே அடிச்சிருக்கேன்."

"எடுத்த மாதிரி தெரியல சார். ஊர்ல இருக்கிற வாசனையெல்லாம் கொண்டாந்து இதுல வெச்ச மாதிரி இருக்கு."

அவள் தையலில் குறை சொல்ல முடியாததால் ஸ்டோர்க்காரர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மகளை வரவழைத்தாள். வெள்ளைத் துணியில் ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டி, ஒன்றில் மட்டும் பாகு ஒரு சொட்டு வைத்து உலர்த்தினாள். மகளின் கண்ணைக் கட்டி முகரச் சொன்னாள். மகள் யோசிக்காமல் நடுத்துண்டைத் தொட்டாள். இடம் மாற்றி மாற்றிப் பத்து முறை வைத்தாள். பத்து முறையும் சரி. பிறகு தராசின் கண்ணைக் கட்டினார்கள்.

பத்தில் மூன்று. மூன்று துண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் அவ்வளவுதான் வரும் என்று அவருக்குத் தெரியாதா? துணியில் ஏதோ சூழ்ச்சி என்று தாமே வேறு துண்டு வெட்டினார். இந்த முறை பத்தில் இரண்டு. அவர் உத்தியோகத்தில் கற்களைச் சோதித்ததும் இதே முறையில்தான். ஒரு தடவை தவறினால் கைப்பிசகு. தவறிக்கொண்டே இருந்தால் கல்லே கள்ளக்கல். கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு கணக்கையும் புட்டிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தார்.

"உங்க இலாகாவுல இப்படி ஒரு கல்லு சிக்கினா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பறிமுதல்," என்றார் தராசு, சின்னக் குரலில்.

"மூக்கக் கழட்டவா முடியும். வாய மூடிக்கிட்டு வந்து பட்டன் தைங்க."

கோட்டுகளை ஐந்து தடவை துவைத்துப் பார்த்தாகிவிட்டது. துவைத்தாலும் போகாது என்று கம்பெனி விவரச் சீட்டில் பெருமையாகப் போட்டிருந்ததை அவர் வியாபாரப் புளுகு என்று நினைத்திருந்தார். உலகத்தில் ஒரு வியாபாரி உண்மை சொன்னான், அதுவும் அவருக்குப் பாதகமாக. புதுத் துணி பென்ஷனில் வாங்கியது. மெஷின் மகள் வீட்டுக்குப் போனது. தராசு அங்கே நுழைய வேண்டுமானால் வாசலில் மகள் முகர்ந்து பார்த்து, மாப்பிள்ளையின் பழைய சட்டையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

"கையத் தூக்குங்கப்பா. ம், போங்க."

கிராமில் நூற்றில் ஒரு பங்கைப் பிடித்த கை தைத்த பட்டன்கள் ஒன்றுகூடத் துளைக்கு நேராக நிற்கவில்லை. முதல் ஆறு கோட்டில் மனைவி பிரித்துத் தைத்தாள். ஏழாவதிலிருந்து அவர் ஸ்கேல் வைத்துச் சாக்கட்டியால் புள்ளி குத்திக்கொண்டார். அதன்பின் அவள் பிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை.

பழைய இருபத்துநான்கையும் சலூன்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். தராசு தயாரித்த வாசனைக்குக் கிடைத்த முதல் வாடிக்கை அவர்தான். காசு கொடுத்தது என்னவோ துணிக்கு. கம்பெனிக்கும் ஒரு கடிதம் போனது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. புகார் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது.

ஜூலை 14 அன்று ஸ்டோர்க்காரர் புதுக் கோட்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து, மேலே எழுதி அனுப்புவதாக மட்டும் சொன்னார். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் சத்தமில்லை. மெஷினை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, வந்த ஜிப்புகளை அவள் மறுக்காமல் வாங்கி மாற்றிக் கொடுத்தாள். தபால்காரர் வரும் நேரத்தில் தராசு வாசலில் நிற்பார். எதற்கு நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டால், காற்றுக்கு என்பார்.

கடைசியில் கடிதம் வந்தது. அவரையே படிக்கச் சொன்னாள். ஒரு வருட ஆர்டர். நிபந்தனை மூன்று. தைக்கும் வீட்டில் வாசனைப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். மூட்டையைத் தையல்காரர் மட்டும் கொண்டு வந்தால் போதும். கணவர் வரத் தேவையில்லை.

"இந்தக் கடைசி வரி அனாவசியம்," என்றார்.

"அதத்தாங்க முதல் வரியா போட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த ஜிப்பைப் பாதியில் கீழே வைத்தாள்.

தராசு யாரும் சொல்லாமலே எழுந்து புட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கினார். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொண்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக் கணக்கில் சேராத சின்ன அறையில் வைத்துப் பூட்டினார். செலவுக் கணக்கில், இரண்டாம் தடவை வாங்கிய துணிக்குக் கீழே, கடிதம் வந்த தேதியை எழுதினார்: ஆகஸ்ட் 9.